ஏணி வருமுன் இறங்கியவர்

எம்ரிஸின் மூக்கு மூன்று முறை உடைந்தது. முதல் முறை உடைத்தவர் அவருடைய அப்பா, வேல்ஸ் நாட்டில் கற்பலகை வெட்டும் ஒரு மலையூரில். இரண்டாம் முறை உடைத்தவர் குனேசவா என்ற பனிமலையூரின் நடுநிலைப் பள்ளி ஜூடோ ஆசிரியர். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளையை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கூப்பிட்டு, வரவேற்பு என்ற பெயரில் பாயில் தூக்கி அடித்தார். மூன்றாவது உடைப்புக்குத்தான் இந்தக் கதை முழுவதும் நடந்தாக வேண்டும்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். எம்ரிஸ் விஷயத்தில் அது அப்படியே பலித்தது. ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகலாம் என்று இருபத்திரண்டு வயதில் வந்தவரைக் குனேசவா அடித்து அடித்தே ஊர்க்காரர் ஆக்கியது. முதல் குளிர்காலத்தில் கூரைப்பனி மொத்தமாகச் சரிந்து அவரைக் கழுத்துவரை புதைத்தது. தோண்டி எடுத்த பக்கத்து வீட்டுக்காரர்கள், உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதற்கு முன்னால், மார்ச் மாதத்தில் கூரைக்கு அடியில் நிற்கிறவன் மனிதனா மாடா என்று திட்டினார்கள். ஊர்ப் பொதுக் குளியலறையின் வெந்நீரில் தெரியாமல் காலை விட்டு, தோல் உரிந்து, ஒரு வாரம் நொண்டினார். உள்ளே கல் வைத்து உருட்டிய பனிப்பந்தால் மாணவர்கள் அவர் கண்ணாடியை உடைத்தார்கள். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் சீமைப்பனிச்சை மரத்தில் ஏதோ நாய் ஏறிவிட்டது என்று நினைத்து விரட்டப் போனார். அது நாய் இல்லை, கரடி. மேல்சட்டையின் முதுகு மூன்று கீற்றாகக் கிழிந்ததோடு தப்பித்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாம் சந்தோஷப்படுவோம். தலைமை ஆசிரியரோ, கரடி வந்தால் மணி அடிக்க வேண்டும் என்ற விதியை அவர் மறந்ததற்காக வருத்தம் தெரிவித்தார்.

இதெல்லாம் எம்ரிஸுக்குப் பிடித்திருந்தது. அதுதான் வேடிக்கை. அப்பாவின் வீட்டில் வாங்கிய அடிக்குக் காரணம் கிடையாது, நேரம் கிடையாது, முடிவும் கிடையாது. குனேசவாவில் விழுந்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு காரணம் இருந்தது. அடித்த கையே அடுத்த நிமிடம் மிசோ சூப்பும் கொண்டுவந்து கொடுத்தது. பதினேழு வருடங்கள் ஓடின. வருடா வருடம் ஏப்ரலில் கல்விக் குழு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொந்த நாட்டுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டார். ஊரே அவரை எமு வாத்தியார் என்று கூப்பிட்டது.

ஒரு செப்டம்பர் சாயங்காலம், டோஃபு கடை கோசுகே கையில் ரம்பத்தோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாளைக்குக் காட்டுக்கு வர வேண்டும், கோயிலுக்கு மரம் வெட்ட வேண்டும் என்றார்.

குனேசவாவில் ஜனவரி நடுவில் தீ விழா. ஊர்த் திடலில் பீச் மரங்களை அடுக்கி, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு மரக்கோயில் கட்டுவார்கள். கட்டுகிறவர்கள் அந்த வருடம் நாற்பத்திரண்டு வயதாகும் ஆண்கள். ஆண்களுக்கு அது கண்டம் உள்ள வயது. அவர்கள் கோயிலின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். இருபத்தைந்து வயது இளைஞர்கள் கீழே, தூண்களில் கட்டிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு காவல் நிற்பார்கள். மற்ற ஊர் முழுவதும் கோரைப்புல் பந்தங்களைக் கொளுத்திக்கொண்டு வந்து கோயிலை எரிக்கப் பாயும். பந்தத்தால் அடிப்பார்கள், குத்துவார்கள், முகத்தில் தேய்ப்பார்கள். காவல் நிற்கிறவர்கள் பைன் கிளையால் தீயை அடித்து அணைக்கலாமே தவிர, இடத்தைவிட்டு நகரக்கூடாது. ஊர்ப்பெரியவர் போதும் என்று சொல்லி ஏணி வைத்ததும் மேலே இருப்பவர்கள் இறங்குவார்கள், கோயில் எரியும், கண்டமும் அதோடு எரியும். அன்றைக்கு வாங்கிய அடிக்கு மறுநாள் யாரும் புகார் சொல்லக்கூடாது.

தனக்கு இன்னும் நாற்பதே முடியவில்லை என்று எம்ரிஸ் சிரித்தார். நவம்பர் வந்தால்தான் நாற்பது. கோசுகே ரம்பத்தைத் திண்டில் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஊரில் பிறந்த அன்றைக்கே குழந்தைக்கு ஒரு வயது. பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஊர் மொத்தத்துக்கும் ஒரு வயது ஏறும். விழாவுக்கு அந்தக் கணக்குத்தான். அந்தக் கணக்கில் வருகிற ஜனவரியில் எம்ரிஸுக்கு நாற்பத்திரண்டு. கோசுகேவுக்கும் நாற்பத்திரண்டு.

“நீ வந்து பாத்த மொத விழாவுக்கே உனக்கு இருபத்தஞ்சு. அப்பவே நீ எங்ககூடக் கயிறு புடிச்சிருக்கணும். நாங்க அடி வாங்கினப்போ நீ எதிர்ல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தே. எனக்கு இந்தப் பக்கம் தலைமுடி கருகிச்சு. நீ என்னைச் சிரிக்கச் சொன்னே.”

“யாரும் எங்கிட்டச் சொல்லலையே?”

“பச்சப் புள்ளையா இருந்தே. பொழைச்சுப் போன்னு விட்டோம். ஆனா அன்னையிலேருந்து உன்னை எங்ககூடத்தான் சேத்து எண்ணுறோம், எமு. இந்தத் தடவை விட மாட்டோம்.”

பதினேழு வருடமாக ஒரு கூட்டம் தன்னைச் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்ததும் தனக்கே தெரியாமல் போனதும் எம்ரிஸுக்கு ஒரே சமயத்தில் வெட்கத்தையும் அழுகையையும் மூட்டின. அழுதால் கோசுகே ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். ரம்பம் மொக்கையாக இருக்கிறதே என்று மட்டும் சொன்னார்.

இனி தட்சுசோ. அவனுக்கு ‘அவர்’ போட நாக்கு வராது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஊரின் பனி அள்ளும் வண்டிகள் எல்லாம் அவனுடையவை. ஐம்பது தாண்டியவன், கதவு நிலை அளவுக்கு அகலம். அவனுடைய அண்ணன் கல்விக் குழுவில் இருந்தார். தட்சுசோவுக்கு ஒரே மகன், மசாயா, எம்ரிஸிடம் மூன்று வருடம் படித்தவன். அதிகம் பேசாதவன், அப்பாவின் வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்தான். தட்சுசோ மகனை அடிப்பது ஊருக்குத் தெரியும். பனி பெய்வது ஊருக்குத் தெரியும் என்பதுபோலத்தான் அதுவும்.

நவம்பர் மாதம் மிட்சுவே அம்மாவின் கடையில் அது நடந்தது. எட்டுப் பேர் உட்காரும் சின்ன மதுக்கடை. நடுவில் ஒரு பெரிய சட்டியில் முள்ளங்கியும் முட்டையும் மீன் உருண்டையும் நாள் முழுக்கக் கொதிக்கும். எம்ரிஸ் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். தட்சுசோ மகனோடு வந்தான். ஹச்சினோஹேயில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, வசந்தத்தில் போகிறேன் என்று மசாயா மெதுவாகச் சொன்னான். தட்சுசோ கோப்பையைக் கீழே வைத்தான். மகனின் பிடரியைப் பிடித்து, கொதிக்கிற சட்டியை நோக்கி முகத்தை அழுத்தினான். மசாயா இரண்டு கையையும் பலகையில் ஊன்றிக்கொண்டு தடுத்தான். வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆவி முகத்தில் அடித்தது. மூக்கு நுனி குழம்பைத் தொட்டது.

எம்ரிஸுக்கு அந்த மௌனம் தெரியும். சத்தம் போட்டால் அடி கூடும் என்று பழகிய பிள்ளையின் மௌனம் அது. தான் எழுந்ததோ நடந்ததோ அவருக்கு நினைவில்லை. கை முட்டியில் வலி வந்த பிறகுதான் அடித்துவிட்டோம் என்று தெரிந்தது. தட்சுசோவின் பல் ஒன்று தெறித்து முள்ளங்கிச் சட்டியில் விழுந்தது. அடுத்த அடியில் தட்சுசோ எம்ரிஸின் விலாவை உடைத்தான். இரண்டு பேரும் நாற்காலிகளோடு உருண்டார்கள். கண்ணாடிக் கதவு நொறுங்கியது. கோசுகேவும் இன்னும் இரண்டு பேரும் தெருவிலிருந்து ஓடிவந்து பிரிக்க வேண்டியிருந்தது.

மிட்சுவே அம்மா கரண்டியால் துழாவி அந்தப் பல்லை எடுத்து, ஒரு சின்னத் தட்டில் வைத்து, தட்சுசோவின் முன்னால் நகர்த்தினாள்.

“உங்களோடதான்னு பாத்துக்குங்க. சட்டிய நான் கழுவணும்.”

போலீஸுக்குப் போவது குனேசவாவில் வழக்கமில்லை. இரண்டு நாள் கழித்து, பொதுக் குளியலறையில், இடுப்புக்குமேல் ஆவி சூழ உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாருக்கும் நடுவில் தட்சுசோ தன் தீர்ப்பைச் சொன்னான். கோசுகேவும் இருந்தார், விலா கறுத்து வீங்கிய எம்ரிஸும் இருந்தார்.

“தீ விழா வரைக்கும் பொறுத்துக்கிறேன். நீ மேல ஏறப் போறியாமே, வெள்ளைக்காரா. ஏறு. ஏணி வைக்கிறதுக்கு முன்னாடி உன் காலு தரையில பட்டுச்சுன்னா நீ இந்த ஊரு ஆளு இல்ல. ஏப்ரல்ல மூட்டை கட்டிடணும். கடைசிவரைக்கும் மேல இருந்துட்டேன்னா, என் பல்லு போனது போனதுதான்.”

எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் தோன்றியது. எந்தக் காலத்திலும் எந்த நாற்பத்திரண்டும் ஏணிக்கு முன்னால் இறங்கியதில்லை. எம்ரிஸ் வெந்நீரில் கழுத்துவரை அமிழ்ந்து, சரி என்றார். தனக்கு இருப்பது இந்த ஒரே ஊர்தான் என்பது அந்தச் சரியைச் சொன்ன பிறகுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. வேல்ஸில் அப்பா செத்துவிட்டார், வீடு விற்றாகிவிட்டது. வேறு எந்த ஊரும் அவரை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

விழா அன்று காலையிலிருந்து பனி பெய்தது. எம்ரிஸ் நனைத்த கம்பளியை இரண்டு மடிப்பாகக் கழுத்தில் சுற்றிக்கொண்டார், முகத்தில் பன்றிக் கொழுப்பைப் பூசிக்கொண்டார். தட்சுசோ தன் மேல்தான் தீயை எறிவான் என்று நினைத்தார். எறியட்டும், கண்ணை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். உச்சியில் ஒன்பது பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே கயிற்றில் இடுப்பைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தபால்காரர் இருந்தார், மருந்துக்கடைக்காரர் இருந்தார், எம்ரிஸின் மூக்கை உடைத்த ஜூடோ ஆசிரியரின் தம்பி இருந்தார். அரிசி மது பீப்பாயோடு மேலே வந்தது. கோசுகே ஒரு வாய் குடித்துவிட்டு எம்ரிஸின் வாயில் ஊற்றினார்.

கீழே காவல் நின்ற இருபத்தைந்துகளில் மசாயாவும் இருந்தான். நடுத்தூண் அவன் பொறுப்பு. கயிற்றை முன்கையில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தான். அண்ணாந்து எம்ரிஸைப் பார்த்து, சிரிக்கவில்லை, ஆனால் தலையை ஒருமுறை ஆட்டினான்.

இருட்டத் தொடங்கியதும் பந்தங்கள் வந்தன. முதலில் சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து தொட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு ஊர் வந்தது. முந்நூறு பேர் ஒரே குரலில் கத்திக்கொண்டு மோதினார்கள். கோயில் அடியிலிருந்து உச்சிவரை ஆடியது. பந்தம் ஒவ்வொன்றும் காவல்காரனின் தோளிலோ தலையிலோ விழும்போது தீப்பொறி உச்சிவரை ஏறியது. மயிர் கருகும் நாற்றம் வந்தது. ஒருவனுக்கு உதடு கிழிந்தது. இன்னொருவனைப் பிடித்திழுத்துப் பனியில் போட்டு மிதித்தார்கள், அவன் தவழ்ந்துவந்து மறுபடி கயிற்றைப் பிடித்தான். மேலே இருந்தவர்கள் கீழே பார்த்துக் கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டினார்கள், அதுவும் முறைதான். எம்ரிஸும் திட்டினார். பதினேழு வருடத்தில் மாணவர்களிடமிருந்து கற்ற அத்தனையையும் பயன்படுத்தினார். கோசுகேவே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் தட்சுசோ வந்தான். கூட்டம் அவனுக்கு வழி விட்டது. அவன் பந்தம் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு பருமன். எம்ரிஸ் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

தீ மேலே வரவில்லை. தட்சுசோ பந்தத்தைச் சுழற்றி மகனின் தோளில் இறக்கினான். பிறகு நிதானமாகத் தலையைத் தூக்கி எம்ரிஸைப் பார்த்தான். இன்னொரு முறை இறக்கினான், இந்தத் தடவை கழுத்தில். மறுபடி நிமிர்ந்து பார்த்தான். கோயிலை எரிக்க அவன் முயலவே இல்லை. நடுத்தூணுக்கு ஒரு பொறிகூடப் போகவில்லை. மகனை அடிப்பது, மேலே பார்ப்பது, மகனை அடிப்பது, மேலே பார்ப்பது. எம்ரிஸுக்குப் புரிந்துவிட்டது. கடையில் தன்னால் பொறுக்க முடியாமல் போனதை இவன் நன்றாகப் பார்த்துவைத்திருக்கிறான். இறங்கினால் ஊர் போயிற்று. இறங்காவிட்டால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மசாயா பைன் கிளையை எப்போதோ நழுவவிட்டிருந்தான். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தோள்துணி எரிந்தது. பக்கத்தில் நின்றவன் பனியை அள்ளி அப்பினான். பந்தத்தின் தணல் முனையைத் தட்சுசோ மகனின் காதோடு சேர்த்து அழுத்தினான். அங்கேயே வைத்திருந்தான். மசாயாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தட்சுசோ மேலே பார்த்துச் சிரித்தான், முன்பல் இல்லாத இடம் கறுப்பாகத் தெரிந்தது.

எம்ரிஸ் இடுப்புக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். கோசுகே அவர் தோளை அழுத்திப் பிடித்தார்.

“எமு, உக்காரு. அவன் அதுக்குத்தான் அடிக்கிறான்.”

“தெரியும்.”

“எறங்கினா உனக்கு ஊரு இல்ல.”

“தெரியும், விடு.”

கோசுகே விட்டார். எம்ரிஸ் மூலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சறுக்கினார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. பாதி வழியில் கை விட்டு, முட்டி முதலில் பட, தரையில் விழுந்தார். ஏணி வைக்கப்படவில்லை. ஒரு நாற்பத்திரண்டு தரையில் நின்றது. தட்சுசோ கையை விரித்துக் கூட்டத்தைப் பார்த்து, பார்த்துக்கொண்டீர்களா என்பதுபோலத் திரும்பினான். எம்ரிஸ் தலையைத் தாழ்த்தி அவன் நெஞ்சில் முட்டினார். இரண்டு பேரும் பனியில் புரண்டார்கள். தட்சுசோ பந்தத்தை அவர் நெற்றியில் அடித்தான். புருவம் எரிந்து இரத்தம் கண்ணில் வழிந்தது. குருட்டுத்தனமாகக் கையில் அகப்பட்டதையெல்லாம் எம்ரிஸ் குத்தினார். மேலே ஏறி உட்கார்ந்த தட்சுசோ அவர் தொண்டையைப் பிடித்தான்.

அப்போது ஏதோ கனமாக விழும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அரிசி மூட்டைகளை மாடியிலிருந்து தள்ளுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக. இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் குதித்த கோசுகே தோள் எலும்பு உடைய விழுந்தார். தபால்காரர் விழுந்தார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் குதித்தார். உச்சியில் பீப்பாயைத் தவிர யாரும் இல்லை.

கோசுகே தொங்கும் கையோடு வந்து, நல்ல கையால் தட்சுசோவின் தலைமுடியைப் பிடித்து எம்ரிஸின் மேலிருந்து இழுத்துப் போட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார்:

“ஒருத்தன் எறங்கிட்டா அப்புறம் மேல யாருக்கு என்ன வேலை? நாங்க எல்லாரும் ஒரே வயசு.”

ஊர் திகைத்து நின்றது. யாரோ ஒருவர் கையிலிருந்த பந்தம் கோயிலில் பட்டது, உண்மையிலேயே தெரியாமல்தான் பட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார். காவல்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டு இறங்கியவர்களைத் தூக்க ஓடினார்கள். கோயில் பிடித்துக்கொண்டது. நடுத்தூணில் மட்டும் ஒருவன் நின்றான். தலைக்குமேல் தீ இறங்கி வந்துகொண்டிருந்தது, மசாயா கயிற்றை விடவில்லை. ஊர்ப்பெரியவர் தாமே நடந்து போய், அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

அந்த வருடம் ஊரில் நடந்த எல்லாக் கெட்டதும் அந்த ஒன்பது பேர் தலையில் விழுந்தது. கண்டத்தைச் சரியாக எரிக்காமல் குதித்த கோஷ்டி என்று பெயர் வைத்தார்கள். பனிச்சரிவில் பாலம் போனதற்கும் அவர்கள்தான், ஊராட்சித் தலைவரின் மூலநோய்க்கும் அவர்கள்தான். கோசுகேவின் டோஃபு புளித்தால்கூடக் காரணம் அதுதான் என்றார்கள். அதில் அவருடைய சோம்பேறித்தனத்துக்குக் கொஞ்சம் லாபம்.

மார்ச்சில் கல்விக் குழு கூடியது. ஏணிக்கு முன்னால் இறங்கியவன் ஊர் ஆளில்லை, குளியலறையில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்ட பேச்சு என்றார் தட்சுசோவின் அண்ணன். கோசுகேவும் மற்ற ஏழு பேரும் அழைக்காமலே உள்ளே வந்து சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். பேச்சு என்றால் பேச்சுதான், நாங்களும் இறங்கினோம், நாங்களும் மூட்டை கட்டிவிட்டோம், தபாலை யார் கொடுப்பது, மருந்தை யார் விற்பது, இரண்டையும் அண்ணனே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் கோசுகே. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

ஏப்ரல் தொடக்கத்தில் மசாயா ஹச்சினோஹேக்குக் கிளம்பினான். எம்ரிஸ் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். நன்றி என்று ஏதாவது சொல்வான் என்று மனத்தின் ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தார், இல்லையென்று நான் பொய் சொல்ல மாட்டேன். மசாயாவின் இடது காதின் மேல்பாதி இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்து வரும் திசையைப் பார்த்தபடியே பேசினான்.

“சார், ஊரே உங்களத்தான் பேசுது. எனக்காக எறங்கினீங்கன்னு.”

பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

“நான் விழல. நீங்க எறங்கினப்போ நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். எங்கப்பன் அடிச்சு நான் விழாம நின்னது வாழ்க்கையில அன்னைக்கு ஒரு நாள்தான். அத யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

பேருந்து வந்தது. அவன் ஏறிக்கொண்டான். ஜன்னலோரம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. எம்ரிஸ் அந்த நிறுத்தத்திலேயே அடுத்த பேருந்து வரும்வரை உட்கார்ந்திருந்தார். அடிபட்டவனைக் காப்பாற்றினோம் என்று இரண்டரை மாதமாக உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததை நினைத்து அவருக்கு உடம்பு கூசியது. அப்பாவின் முன்னால் தான் ஒருநாளும் விழாமல் நின்றதில்லை. நின்ற ஒருவனை நின்றவன் என்று சொல்லத் தனக்குத் தோன்றவில்லையே என்று குமைந்தார்.

அன்று சாயங்காலம் மிட்சுவே அம்மாவின் கடை நிறைந்திருந்தது. கட்டுப் பிரித்த கையோடு கோசுகே இருந்தார். மூலையில் தட்சுசோ தனியாகக் குடித்துக்கொண்டிருந்தான். ஊர் அவனை ஒதுக்கவில்லை, பனி அள்ள அவன் வேண்டும். ஆனால் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. யாரோ வழக்கம்போல எம்ரிஸின் நெற்றித் தழும்பைக் காட்டி, வாத்தியார் குதித்த கதையை எடுத்தார்கள்.

எம்ரிஸ் எழுந்து நின்றார். தட்சுசோவைப் பார்த்துத்தான் சொன்னார், மெதுவாகவும் தெளிவாகவும், வகுப்பில் சொல்வதுபோல:

“நான் எறங்கினது பெரிசில்ல. நான் எறங்கினப்போ மசாயா நின்னுக்கிட்டு இருந்தான். கடைசிவரைக்கும் நின்னான். உன்னால அவனைத் தள்ள முடியல.”

தட்சுசோ எழுந்து வந்தான். யாரும் தடுப்பதற்குள் ஒரே ஒரு குத்து. எம்ரிஸின் மூக்கு மூன்றாம் முறையாக உடைந்தது. அந்தச் சத்தம் சட்டியின் கொதிப்பையும் மீறிக் கேட்டது. அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து தரையில் விழுந்தார். கோசுகே பாய்ந்தார், மிட்சுவே அம்மா கரண்டியை நீட்டி அவரைத் தடுத்தாள். பிறகு பலகையைச் சுற்றி வந்து, எம்ரிஸின் தலைமாட்டில் குந்தி, ஈரத்துணியை அவர் மூக்கில் வைத்தாள். தட்சுசோ கை ஓங்கியபடியே நின்றுகொண்டிருந்தான்.

“எனக்கு வயசாயிடுச்சு வாத்தியாரே, காது மந்தம். மசாயா என்ன பண்ணினான்னு சொன்னீங்க?” என்று மிட்சுவே அம்மா உரக்கக் கேட்டாள்.

எம்ரிஸ் வாயில் வழிந்த இரத்தத்தை விழுங்கினார்.

“நின்னான்” என்றார்.

தட்சுசோவின் கை மெல்லக் கீழே இறங்கியது. மிட்சுவே அம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. துணியை மடித்து மறுபக்கம் வைத்து அழுத்தினாள்.

“சரியா கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்க.”